'தெரியுதோ?'

காணாத ஒன்றைக் கண்டதாகச் சொல்வது எவ்வளவு பெரிய குற்றம்? நீதிமன்றில் சொன்னால் அது பொய்ச்சாட்சி. சபையில், மரியாதைக்காக, ஒருவருக்கும் தீங்கில்லாமல் சொன்னால்? குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே வழி விட்டிருக்கிறார். அந்த வழியால் நாங்கள் எவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டோம் என்பதுதான் கேள்வி.

எங்கள் கலியாணங்களில் அம்மி மிதித்தபின் அருந்ததி காட்டும் சடங்கு உண்டு. ஐயர் கையை உயர்த்துவார். மணப்பெண் அண்ணாந்து பார்ப்பாள். 'தெரியுதோ?' 'ஓம்.' நேரம் பட்டப்பகல். புலம்பெயர்ந்த பின்னரோ வாடகை மண்டபத்தின் கூரையும் சேர்ந்துகொண்டது. அவளுக்குத் தெரியவில்லை என்பது ஐயருக்கும் தெரியும், சபைக்கும் தெரியும். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு 'ஓம்' சொல்கிறோம்.

அருந்ததி ஒன்றும் கற்பனையல்ல. சப்தரிஷி மண்டலத்தின் வாற்பகுதியிலுள்ள மூன்று நட்சத்திரங்களில் நடுவிலிருப்பது வசிட்டர். அதனை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. இங்கிருந்து ஏறக்குறைய 80 ஒளியாண்டுத் தூரம். யாழ்ப்பாணத்தில் துருவ நட்சத்திரம், நீட்டிய கையின் ஒரு முட்டி அளவே அடிவானுக்கு மேலே நிற்கும். ஆண்டின் சில மாதங்களில் முன்னிரவில் அருந்ததியைக் காணவே முடியாது. ஒஸ்லோவில் துருவ நட்சத்திரம் ஆறு முட்டி உயரத்தில் நிற்கிறது. இங்கே அருந்ததி அடிவானுக்குக் கீழே இறங்குவதேயில்லை. வெளிச்சம் மாறாத கோடை இரவுகளைத் தவிர்த்தால், முகில் இல்லாத எந்த இரவிலும் வெளியே வந்து பார்க்கலாம். நாங்கள் மண்டபத்துக்குள் நின்று கூரையைப் பார்க்கிறோம்.

இதை யோசிக்க வைத்தது ஒரு மாசி மாத இரவு. பிள்ளைகளின் பாடசாலை முற்றத்தில் ஆசிரியர் ஒருவர் தொலைநோக்கியை நிறுத்தியிருந்தார். உறைபனிக் குளிரில் பெற்றோரும் பிள்ளைகளுமாக வரிசையில் நின்றோம். நோர்வேஜியர் 'கார்லின் வண்டி' என்றழைக்கும் அதே சப்தரிஷி மண்டலத்தை நோக்கித்தான் குழாய் திரும்பியிருந்தது. வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் வசிட்டரே தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிவார் என்றார் ஆசிரியர். ஒவ்வொருவராகப் பார்த்து, தலையசைத்து, நன்றி சொல்லி நகர்ந்தார்கள். எம்மவர் பிள்ளை ஒன்றின் முறை வந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, 'தெரியேல்லை, அம்மா' என்றது. 'சனம் நிக்குது, தெரியுது எண்டு சொல்லிப்போட்டு வா' என்றாள் தாய், மெதுவாக.

பிள்ளை ஆசிரியரிடமும் அதையே நோர்வேஜிய மொழியில் சொன்னது. அவர் குனிந்து பார்த்தார். முன்னே பார்த்தவர்களின் மூச்சுப்பட்டுக் கண்வில்லையில் ஈரம் படிந்திருந்தது. தெரிந்தது வெறும் புகார் மட்டுமே. துடைத்துவிட்டுத் திரும்பப் பார்க்கச் சொன்னார். தலையசைத்து நகர்ந்தவர்களில் எத்தனை பேர் புகாரைப் பார்த்து நன்றி சொன்னார்களோ!

அந்தத் தாயைக் குறை சொல்வது சுலபம். அந்நியரின் முன்னால் தன் பிள்ளை மந்தமானது என்று எண்ணப்பட்டுவிடுமோ என்ற பயம் அகதியின் பயம். அதை நாங்கள் அறிவோம். ஆனால் அந்தப் பயம் இந்த நாட்டில் பிறந்ததல்ல. பெரியவர் கை காட்டினால் தெரிந்தாக வேண்டும் என்பதை நாங்கள் ஊரிலிருந்தே கொண்டுவந்தோம். கோயிலில், வகுப்பறையில், பொதுக்கூட்டத்தில் 'தெரியவில்லை' என்றவன் குருடன் என்றோ, அதைவிட மோசமாகவோ பெயர் வாங்கினான்.

மரபு இதைத்தான் கேட்டதா? இல்லை. வேதாந்திகள் 'ஸ்தூலாருந்ததி நியாயம்' என்று ஒன்றைச் சொல்வர். மங்கலான அருந்ததியைக் காட்ட விரும்புபவர் முதலில் அருகிலுள்ள பெரிய நட்சத்திரத்தைக் காட்டி 'இதுதான்' என்பார். கண் அங்கே நிலைத்தபின், 'இதுவல்ல' என்று மறுத்து, பக்கத்திலுள்ள சிறியதைக் காட்டுவார். 'இதுவல்ல' என்ற சொல் இல்லாமல் அருந்ததியை அடைய முடியாது. மறுப்பு இந்த வழியின் பாதி. முதற் பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியைத் தொலைத்தவர்கள் நாங்கள்.

விஞ்ஞானமும் அப்படியே நடந்தது. 1610இல் கலிலியோ சனியைப் பார்த்தபோது மூன்று உருவங்கள் ஒட்டி நிற்பதுபோலத் தெரிந்தன. 1612இல் பக்கத்திலிருந்த இரண்டும் மறைந்தன. தான் திகைத்துப் போனதை அவர் ஒளிக்கவில்லை, எழுதியே வைத்தார். சனியைச் சூழ்ந்திருப்பது மெல்லிய வளையம், அது விளிம்புப் பக்கமாகத் திரும்பும்போது கண்ணுக்கு மறைகிறது என்று ஹைகன்ஸ் 1659இல் நூலாக விளக்கினார். ஏறக்குறைய 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரும் இது 2025 மார்ச்சிலும் நேர்ந்தது. கலிலியோ 'எல்லாம் முன்போலவே தெரிகிறது' என்று சொல்லியிருந்தால், ஹைகன்சுக்கு விளக்குவதற்கு ஒரு புதிரே இருந்திராது.

மணமேடையில் ஒரு 'ஓம்' சொல்வதால் வானம் இடிந்துவிடாது என்பீர்கள். உண்மைதான். வள்ளுவர் விட்ட வழியில் அதற்கு இடமிருக்கலாம். ஆனால் நன்மைக்காகப் பொய் சொல்பவனுக்குத் தான் சொல்வது பொய் என்பது தெரிந்திருக்க வேண்டும். பழக்கத்தால் 'ஓம்' சொல்பவன் காண்பதற்கும் காணாததற்கும் உள்ள வேறுபாட்டையே இழந்துவிடுகிறான். அவனிடம் எதையும் காட்டலாம். கூரையைக் காட்டி விடிவெள்ளி என்றும் சொல்லலாம்.

எமது பிள்ளைகளுக்கு அருந்ததியின் கதையைச் சொல்வோம். இருட்டில் வெளியே கூட்டிச்சென்று விரல் நீட்டியும் காட்டுவோம். 'தெரியேல்லை' என்று அவர்கள் சொன்னால், அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் பொறுமை எங்களுக்கு வேண்டும்.