எறிந்ததை எடுப்பவர் யார்?

எமது பாடசாலைகள் பலவற்றில் இன்று நிறம் நிறமாகக் குப்பைத் தொட்டிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. உணவுக் கழிவுக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்ரிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்குக் கபிலம் என்பது நாட்டில் வகுக்கப்பட்ட முறை. பிள்ளைகள் இதனை விரைவிற் கற்றுக்கொள்கிறார்கள். தவறான தொட்டியிற் போடும் பெரியவர்களைத் திருத்தவும் செய்கிறார்கள். ஆனால், பாடசாலை விட்ட பின்னர் இந்த ஐந்து தொட்டிகளும் ஒரே உழவு இயந்திரப் பெட்டியிற் கொட்டப்படுமாயின், அல்லது வளவின் மூலையில் ஒன்றாகக் கொளுத்தப்படுமாயின், அப்பிள்ளைகள் கற்றுக்கொண்டது யாது?

பிறர் காணச் செய்வதே நன்மை, காணாத இடத்தில் எதுவும் செய்யலாம் என்பதையே அவர்கள் கற்றிருப்பார்கள். ஆகவே, பாடசாலையில் மீள்சுழற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்குவது வெறும் துப்புரவு அலுவலன்று. அது பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வாக்கு. நிறைவேற்ற முடியாத வாக்கைக் கொடுப்பதிலும் பார்க்கத் தொட்டி வையாதிருப்பதே நன்று.

‘எறிந்துவிட்டோம்’ என்ற சொல்லே எம்மை ஏமாற்றுகிறது. எறிந்த பொருள் இல்லாமற் போவதில்லை. எம் கண்ணுக்கு மறைந்து, இன்னொருவரின் வாசலிற் போய்க் கிடக்கிறது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டுத் தினத்தன்று, கொழும்பு மீதொட்டமுல்லையிற் குப்பை மேடு சரிந்து 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நகரத்தார் எறிந்தது, அந்த மேட்டின் அருகே குடியிருந்த எளிய மக்களின் வீடுகள் மேல் விழுந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கற் பாறையிலேயே தங்கியிருக்கிறது. மேலே புதைத்த கழிவின் சாறு அப்பாறையின் வெடிப்புகள் வழியே கிணற்று நீரைச் சென்றடையும். எரித்தால், பொலித்தீன் புகையை முதலிற் சுவாசிப்பவர்கள் வகுப்பறையில் இருக்கும் அதே பிள்ளைகளே.

இங்கேதான் நீதி பற்றிய கேள்வி எழுகின்றது. அவரவர்க்கு உரியதை அவரவர்க்குக் கொடுப்பதே நீதி என்பர். உடைந்த போத்தலையும் பழுதான சோற்றையும் ஒரே பையிற் கட்டி எறிகின்ற ஒருவர், தாம் ஒரு நிமிடத்திற் செய்திருக்க வேண்டிய வேலையை இன்னொருவரின் கைகளுக்கு விட்டுவிடுகிறார். அந்தக் கைகளைத்தான் கண்ணாடி வெட்டுகிறது. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட சுற்றுமடலில், குப்பையைத் தரம் பிரிப்பதையும் கல்வியினால் வளரவேண்டிய நற்பழக்கங்களுள் ஒன்றாகச் சேர்த்தமை இதனாற் பொருத்தமானதே.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. பொலித்தீனை உற்பத்தி செய்து இலாபம் பெறுவோர் இருக்க, அதைப் பொறுக்கும் கடமையைப் பிள்ளைகள் தலையிற் சுமத்துவது முறையா? நியாயமான கேள்விதான். அரசு 2017 செப்ரெம்பரில் லன்ச் சீற்றையும் ரெஜிபோம் உணவுப் பெட்டியையும், 2023 ஒக்ரோபரில் ஒரு தடவை மட்டும் பாவிக்கும் பிளாஸ்ரிக் கரண்டி, தட்டு, உறிஞ்சுகுழாய் முதலியவற்றையும் தடை செய்தது. சட்டம் செய்யவேண்டியதைச் சட்டமே செய்யவேண்டும். எனினும் ஒருவர் தம் கடமையிற் தவறுவதால் மற்றவரின் கடமை இல்லாமற் போவதில்லை.

அன்றியும், மீள்சுழற்சி எல்லாவற்றுக்கும் பரிகாரமன்று. அலுமினியத்தையும் கண்ணாடியையும் திரும்பத் திரும்ப உருக்கலாம். கடதாசியின் நாரோ ஒவ்வொரு முறையும் குறுகிக்கொண்டே போகும். பிளாஸ்ரிக்கும் அலுமினியமும் ஒட்டிய பிஸ்கற் உறையைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். ஆதலால், தொட்டியில் எவ்வளவு சேர்ந்தது என்பதன்று, எவ்வளவு சேராமற் தடுத்தோம் என்பதே திட்டத்தின் வெற்றிக்கு அளவுகோல். சிற்றுண்டிச்சாலையைத் திருத்தாமற் தொட்டிகளைப் பெருக்குவது ஓட்டைத் தோணியில் நீர் இறைப்பது போன்றது.

அப்படியாயின் எவ்வாறு தொடங்குவது? முதலில் முடிவிலிருந்து தொடங்கவேண்டும். பழைய கடதாசி வாங்கும் வியாபாரியுடனோ பிரதேச சபையுடனோ பேசி, எது, எந்த நாளில், எங்கே கொண்டுபோகப்படும் என்பதை நிச்சயித்த பின்னரே தொட்டி வைக்கவேண்டும். ஐந்தையும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டியதில்லை. கடதாசி, போத்தல் என இரண்டுடன் தொடங்கினாற் போதும். குழம்பு பட்ட கடதாசி பயன்படாது என்பதையும், போத்தலைக் கழுவிக் காயவிட வேண்டும் என்பதையும் காட்டிக் கொடுக்க வேண்டும். இலையும் உணவுக் கழிவும் வளவிலேயே பசளையாகட்டும். மாதந்தோறும் நிறுத்து, நிறையையும் கிடைத்த பணத்தையும் அறிவித்தற் பலகையில் எழுதவேண்டும். அப்பணம் எதற்குச் செலவானது என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும்.

இன்னொன்று. பிந்தி வந்த பிள்ளைக்கும் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைக்கும் தண்டனையாகக் குப்பை பொறுக்க விடும் வழக்கம் அறவே ஒழிய வேண்டும். குப்பை எடுப்பது தண்டனை என்று கற்ற பிள்ளை, அதனை நாளாந்தத் தொழிலாகச் செய்பவரை எப்படி மதிக்கும்? முறை வைத்து எல்லாரும் செய்யட்டும். மாணவத் தலைவரும் செய்யட்டும். ஆசிரியரும் சேர்ந்து செய்யட்டும்.

பெற்றோருக்கும் இதிற் பங்குண்டு. பொலித்தீனிற் சுற்றிய உணவைக் கொடுத்தனுப்பிவிட்டு, பாடசாலை பிள்ளையைத் திருத்தட்டும் என்று இருத்தலாகாது. சாப்பாட்டுப் பெட்டியும் தண்ணீர்ப் போத்தலும் கொடுப்பது பெரிய தியாகமன்று. பாதி எழுதிய பழைய கொப்பியின் வெறுந்தாள்களைச் சேர்த்துத் தைத்துக் கொடுப்பதும் வறுமையின் அடையாளமன்று. அடுத்த பெற்றோர் கூட்டத்திற் புள்ளிகளைப் பற்றி விசாரிக்கும்போது, “எங்கள் பிள்ளைகள் பிரித்துப் போடுவது எங்கே போகிறது?” என்றும் அதிபரிடம் பணிவாகக் கேட்போமாக. அக்கேள்விக்குப் பாடசாலையிடம் நேரான பதில் இருக்குமாயின், பிள்ளைகளின் உழைப்பு வீண்போகவில்லை.