விடுவித்தால் போதுமா?

மலைப்பனியே ஆற்றின் களஞ்சியம். அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் குளிர்காலமெல்லாம் மலைமேல் படியும் பனி, வேனிலில் சிறுகச் சிறுக உருகி ஆறுகளுக்குக் குளிர்ந்த நீரை அளிக்கிறது. பனி குறைந்த ஆண்டிலோ, கோடையின் நடுவிலேயே ஆறு மெலிந்து வெதும்புகிறது. நீர் வெதும்பினால் அதில் கரைந்துள்ள உயிர்வளி குறையும். குளிர்நீரையே நாடும் டிரௌட் மீன் மூச்சுத் திணறும்.

அங்குத் தூண்டிலிடுவோர் பலர், பிடித்த மீனை உண்பதில்லை. ஆற்றிலேயே மீண்டும் விட்டுவிடுகின்றனர். அது இரக்கச் செயல் என்றே எண்ணத் தோன்றும். ஆயினும், வெதும்பிய நீரில் தூண்டிலோடு போராடிக் களைத்த மீன், நீந்திச் சென்ற பின்னரும் மாண்டுபோகக்கூடும். அச்சாவு விட்டவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. புலப்படாத கேடு கேடாகாதா?

நீரின் வெப்பம் தொடர்ந்து மூன்று நாள்கள் ஏறத்தாழ 23 பாகை செல்சியசை எட்டுமாயின், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிப்பைத் தடைசெய்ய அம்மாநில விதிகள் இடமளிக்கின்றன. சட்டம் வெப்பமானியைப் பார்த்தே விழிக்கும். மனச்சான்று அதற்கு முன்னரே விழித்தல் வேண்டும். தடையில்லை என்பது வேறு. தகும் என்பது வேறு.

பிடித்தபின் விடுவது இரக்கமெனின், களஞ்சியம் வற்றிய ஆண்டில் தூண்டிலையே எடுக்காதிருப்பது அதனினும் பெரிய இரக்கமாகும். வழங்கும் ஆறே வறுமையுற்ற வேளையில் அதனிடம் கேளாதிருத்தல் பண்பன்றோ?