அந்த ஆச்சரியக்குறிக்கு நீங்கள் அடிமையா?

"எனக்கு இதெல்லாம் தெரியாது."

இந்த ஒரு வாக்கியத்தை இன்றோடு தலைமுழுகுங்கள். டேப்லெட்டில் வைஃபை கோடுகள் முழுசாக நிற்கின்றன. பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி. எதைத் தட்டினாலும் வெள்ளைப் பக்கம்தான். உடனே கை தளர்ந்துவிடுகிறது. சாயங்காலம் பையன் வரட்டும், இல்லாவிட்டால் கடையில் கொடுத்துப் பார்க்கலாம் என்று கருவியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறீர்கள். இது உங்கள் அறிவுக்கு எட்டாதது என்று யார் தீர்ப்பு எழுதினார்கள்?

காஸ் அடுப்பு பற்றவில்லை என்றால் இப்படியா உட்கார்ந்துவிடுகிறீர்கள்? சிலிண்டர் காலியா, ரெகுலேட்டர் மூடியிருக்கிறதா, டியூப் மடங்கியிருக்கிறதா, பர்னர் அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறீர்கள். எந்தக் கல்லூரியும் அதைக் கற்றுத்தரவில்லை. இணையம் வரும் வழியும் அப்படித்தான்: டேப்லெட், ரூட்டர், வீட்டுக்கு வெளியே போகும் ஃபைபர், அதற்கப்பால் நீங்கள் தேடும் தளம். கோளாறு இந்த நான்கில் எங்கோ ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தைப் பிடியுங்கள்!

முதலில் உங்களைப் பயமுறுத்தும் அந்தக் குறியையே விசாரியுங்கள். ஆண்ட்ராய்டு டேப்லெட் வைஃபையில் சேர்ந்ததும் கூகுள் சர்வர் ஒன்றுக்குச் சின்னதாக ஒரு கேள்வி அனுப்புகிறது. 204 என்ற எண்ணோடு வெறுமையான பதில் வர வேண்டும். வராவிட்டால் ஆச்சரியக்குறி. ஐபேடில் குறி இருக்காது; இணைய இணைப்பு இல்லை என்ற வரி இருக்கும். இரண்டும் சொல்வது ஒன்றுதான்: "ரூட்டர் வரை சேர்ந்துவிட்டேன், அதற்கு மேல் பதில் இல்லை." அப்படியானால் பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கிறது. அதையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பது எதற்கு?

இப்போது இரண்டே சோதனைகள். உங்கள் செல்போனை அதே வைஃபையில் சேருங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் போன் உங்களை ஏமாற்றிவிடும்; சிம் வழியாக இணையத்தை இழுத்துக்கொண்டு வைஃபை நன்றாக இருப்பதுபோல் காட்டும். அடுத்தது, போனில் டேட்டாவைப் போட்டு, ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, டேப்லெட்டை அதில் சேருங்கள். வைஃபையில் போன் வேலை செய்து, டேப்லெட் மட்டும் படுத்துக்கொண்டால் தவறு டேப்லெட்டில், அல்லது ரூட்டர் அந்த டேப்லெட்டை நடத்தும் விதத்தில். ஹாட்ஸ்பாட்டில் டேப்லெட் ஓடினால் அதை ரிப்பேருக்குக் கொண்டுபோக வேண்டியதே இல்லை. காசு கொடுத்து "ஃபார்மட்" செய்துவிட்டு வந்தும் வீட்டில் அதே ஆச்சரியக்குறியைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்! அவர்கள் தோற்றது தொழில்நுட்பத்திடம் இல்லை, கேட்காமல் விட்ட ஒரு கேள்வியிடம்.

போனும் வைஃபையில் தவிக்கிறதா? சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளிக்கற்றையே பெட்டிக்கு வந்துசேரவில்லை. நீங்கள் டேப்லெட்டை ஆயிரம் முறை அணைத்துப் போட்டாலும் பலன் கிடையாது. சிவப்பு இல்லையென்றால் ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். பின்பக்கத்தில் ரீசெட் செய்யும் குண்டூசித் துளையை மட்டும் துணிச்சல் என்று நினைத்துக் குத்திவிடாதீர்கள். இணைய நிறுவனம் ரூட்டரில் பதித்துவைத்த பயனர் பெயரும் பாஸ்வேர்டும் சேர்ந்து அழிந்துபோகக்கூடும்.

டேப்லெட் மட்டும்தான் முரண்டு பிடிக்கிறது என்றால், ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பாருங்கள். சிரிக்காதீர்கள்! சிம் இல்லாத டேப்லெட் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்து பேட்டரி அடியோடு வற்றினால், சில கருவிகள் 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று கண் விழிக்கும். கம்ப்யூட்டர் உலகம் காலத்தை எண்ணத் தொடங்கும் புள்ளி அது. நம் ஊர் நேரத்துக்கு அந்த ஐந்தரை. சில கருவிகள் தாங்கள் தயாரான ஆண்டுக்குத் திரும்பும். பாதுகாப்பான ஒவ்வொரு தளமும் ஒரு சான்றிதழை நீட்டுகிறது. இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். 1970-இல் வாழும் டேப்லெட்டுக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவே கதவைச் சாத்துகிறது. வங்கியும் திறக்காது, செய்தித்தாளும் திறக்காது. தேதியைத் திருத்துங்கள், தானாக நேரம் அமைக்கும் வசதியைப் போடுங்கள். பூதாகரமாகத் தெரிந்தது அரை நிமிட வேலை!

இதைக் கண்டுபிடிக்க மேதை தேவையில்லை. திரையில் வந்த வரியைப் படித்தாலே போதும். உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று குரோம் எழுதியே காட்டுகிறது. நாம்தான் படிக்குமுன் பயந்து மூடிவிடுகிறோம். படியுங்கள்! பொடி எழுத்தில் டி.என்.எஸ். என்று இருந்தால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் இடத்தில் சிக்கல். 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்துக் கொடுத்த ஏற்பாடு அது. வைஃபை அமைப்பில் டி.என்.எஸ். இடத்தில் கூகுள் 2009 முதல் எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கும் 8.8.8.8 என்ற எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். இணையத்தை வேறு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் வி.பி.என். எதையாவது எப்போதோ போட்டு மறந்து, அது இன்னும் ஓடுகிறதா என்றும் பாருங்கள். எதுவும் பலிக்காவிட்டால் அந்த வைஃபையை மறக்கச் சொல்லி, புதிதாகச் சேருங்கள். இதில் எதுவும் கருவியை உடைத்துவிடாது.

சில டேப்லெட்டுகளுக்கு வயதாகிவிட்டது என்பதையும் நேராகப் பார்க்க வேண்டும். 2021 செப்டம்பர் 30 அன்று, கோடிக்கணக்கான தளங்களுக்கு இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானது. புதிய மூலச் சான்றிதழை அறியாத, ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய கருவிகளுக்காகச் செய்த தற்காலிக ஏற்பாடும் 2024-இல் முடிந்துவிட்டது. அதனால்தான் யூடியூப் ஜோராக ஓடும் அதே டேப்லெட்டில் சில தளங்கள் மட்டும் அடம்பிடிக்கின்றன. இது உங்கள் கைத்தவறு இல்லை. பயர்பாக்ஸ் உலாவி தன் சொந்தச் சான்றிதழ்ப் பட்டியலோடு வருகிறது. உங்கள் கருவியில் நிறுவ முடிந்தால் முயலுங்கள். முடியாவிட்டால் அந்த டேப்லெட் பாட்டுக் கேட்கட்டும். வங்கி வேலையை அதில் வைக்காதீர்கள்.

கடைசியில் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்ய நேர்ந்தாலும் கெஞ்சாதீர்கள். "நெட் வரலைங்க, என்னன்னு தெரியல" என்று தொடங்கினால் எதிர்முனை உங்களை ரூட்டரை அணைத்துப் போடச் சொல்லிவிட்டுக் கழன்றுகொள்ளும். இப்படிச் சொல்லுங்கள்: "இரண்டு கருவியிலும் பார்த்துட்டேன். ஹாட்ஸ்பாட்டில் ஓடுது, வைஃபையில் ஓடல. ரூட்டரை அணைத்துப் போட்டாச்சு. எல்.ஓ.எஸ். சிவப்பாக எரியுது. ஃபைபர் பார்க்க ஆள் அனுப்புங்க." புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.