சுவிட்சைப் போடும் முன் சுவரைப் பாருங்கள்

வீட்டுக்குப் புதிதாக ஓவன் வாங்கியிருக்கிறீர்களா? கேக் செய்முறையைத் தேடும் முன், ஓவனின் பின்புறத் தகட்டைப் படியுங்கள். 1500 வாட், 2000 வாட் என்று ஏதோ ஒன்று போட்டிருக்கும். நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். வகுத்துப் பார்த்தால் 1500 வாட் ஓவன் ஆறரை ஆம்பியர் இழுக்கும். 2000 வாட் என்றால் ஏறக்குறைய 9. செல்போன் சார்ஜர் மாட்டும் சின்ன பிளக் பாயிண்ட் தாங்குவது 6 ஆம்பியர்தான். அதனால்தான் தடித்த முனைகளோடு 16 ஆம்பியர் பிளக்கை வைத்து அனுப்புகிறார்கள். சின்னத் துளையில் அது நுழைய மறுப்பதே ஓர் எச்சரிக்கை. நாமோ கடைக்குப் போய் ஒரு கன்வெர்ட்டர் வாங்கி வந்து நுழைத்துவிடுகிறோம். இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், மிக்ஸிக்கும் கெட்டிலுக்கும் நடுவே சொருகுகிறோம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். செய்துகொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

மிக்ஸி சில நிமிடங்கள் ஓடி நின்றுவிடும். ஓவன் அரை மணி, முக்கால் மணி எரியும். அவ்வளவு நேரமும் தகுதிக்கு மீறிய சுமையைத் தாங்கும் ஒயர் சூடேறி, மேலுறை இளகி, சுவருக்குள்ளேயே கருகத் தொடங்கலாம். கேஸ் அடுப்பில் நெருப்பைக் கண்ணால் பார்க்கிறோம். அதனால் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொள்கிறோம், பிள்ளைகளைத் தள்ளிப் போகச் சொல்கிறோம். ஓவனில் சுடர் தெரிவதில்லை. ஆகவே அந்தப் பயமும் வருவதில்லை. என் கவலையெல்லாம் இதுதான்.

எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, ஓவனுக்கென்று 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்றை, சுமை மீறினால் தானே அணையும் தனி எம்சிபியோடு போடச் சொல்லுங்கள். செம்பு ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அவரைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். இரும்பு உடம்பு கொண்ட சாதனத்தில் மின்கசிவு ஏற்பட்டால், தொடுகிற கையைக் காப்பது பிளக்கில் எர்த்துக்கான மூன்றாவது முனைதான். மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீடாக இருந்தால் அதையும் சேர்த்து வைத்துவிடுங்கள். வாடகை வீடு என்று தள்ளிப்போடாதீர்கள், வீட்டுக்காரரிடம் பேசுங்கள். பேசி நடக்கவில்லையென்றால் ஓவன் பெட்டியிலேயே இருக்கட்டும்.

சுவரை ஒட்டி வைக்காமல் பின்னாலும் பக்கங்களிலும் ஒரு சாண் இடம் விடுங்கள். மேலே துணியோ பிளாஸ்டிக் டப்பாவோ வேண்டாம். முதல் முறை காலியாகப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். சூடேற்றும் கம்பிகளில் பூசிய எண்ணெய் புகையும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

சமையலுக்கு வருவோம். வெப்பம் கண்ணுக்குத் தெரியாததால் திருகியில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பிவிடுகிறோம். 180 என்று திருகினால் உள்ளே 160ஆகவும் இருக்கலாம், 200ஆகவும் இருக்கலாம். உள்ளே வைக்கிற சிறிய ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். பல நாள் குழப்பம் தீரும். வெளிநாட்டுக் குறிப்பில் 350 என்று இருந்தால் அது ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 175, 180 டிகிரி. மாவை வைப்பதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் சூடேற்றுங்கள். கேக்கை நடுத்தட்டில் வையுங்கள். பாதி நேரம் கடப்பதற்குள் கதவைத் திறக்காதீர்கள். உள்சூடு சட்டென்று இறங்கி, இறுகாத மாவு நடுவில் அமுங்கிவிடும். கோழி என்றால் மேல் நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். தடித்த சதையின் நடுவே 74 டிகிரி வந்திருக்க வேண்டும்.

வெளியே எடுக்கும்போதுதான் பெரும்பாலும் கை சுடுகிறது. சிவப்பு அணைந்து கருத்திருக்கும் கம்பியும் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். ஈரமான கரித்துணியால் தட்டைப் பிடிக்கவே கூடாது. ஈரம் சூட்டை நொடியில் கைக்குக் கடத்திவிடும். மணிக்கட்டு மறையும் தடித்த, உலர்ந்த கையுறை அவசியம். சூடான கண்ணாடிப் பாத்திரத்தைக் குளிர்ந்த கல்மேடையில் வைத்தால் வெடிக்கலாம். மரப்பலகை மேல் வையுங்கள். கண்ணாடிக் கதவும் சுடும். சிறு குழந்தையின் முகம் சரியாக அந்த உயரத்தில் இருக்கும் வீடுகளை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஓவன் ஓடும்போது பெரியவர் ஒருவர் சமையலறையிலேயே இருக்க வேண்டும். அதை ஓடவிட்டுக் கடைக்குப் போவது, குளிக்கப் போவது கூடவே கூடாது.

சிந்திய எண்ணெயும் நொறுங்கல்களும் அடித்தட்டில் சேர்ந்தால் அவையே பற்றிக்கொள்ளும். ஆறியதும் ஒவ்வொரு முறையும் துடைத்துவிடுங்கள். உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுக் காத்திருங்கள்; காற்று கிடைக்காத நெருப்பு தானே அடங்கும். வெளியே பரவினால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறி 101ஐ அழையுங்கள்.

கை சுட்டுவிட்டால் பேஸ்ட், மஞ்சள், இங்க், எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். உடனே மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். எரிச்சல் குறைந்துவிட்டது என்று பாதியில் எடுக்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். காயம் முகத்திலோ மூட்டிலோ இருந்தால், உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால், சுட்டது குழந்தையை என்றால், தண்ணீரில் காட்டிய பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.