இல்லாத கலரின் ருசி

பழைய கூட்டாளிகள் நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் கோல்டு ஸ்பாட் என்ற அந்தக் கால ஆரஞ்சு கலரில் வந்து நிற்கும். "அந்த ருசி இப்ப எதுலடா இருக்கு?" என்று ஒருவன் கேட்பான். மற்ற மூவரும் தலையாட்டுவார்கள். இந்த ஏக்கத்தைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை.

எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் தகரப் பெட்டிக்குள் ஐஸ் கட்டியும் தண்ணீருமாகப் பாட்டில்கள் கிடக்கும். அண்ணாச்சி கையை விட்டுத் துழாவி ஒன்றை எடுப்பார். தோளில் கிடக்கும் துண்டால் துடைத்து, சணலில் தொங்கும் ஓப்பனரால் ஒரு தட்டு. வீட்டுக்கு ஆள் வந்துவிட்டால் அம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பார்: "ஓடிப்போய் ரெண்டு கலர் வாங்கியா. காலி பாட்டிலச் சாயங்காலம் குடுத்துடறோம்னு அண்ணாச்சிகிட்ட சொல்லு." வந்தவர் மரியாதைக்காக அடியில் கொஞ்சம் மிச்சம் வைப்பார். அதுதான் என் பங்கு. ஐஸ் விட்டு, கேஸ் போய், வெறும் தித்திப்பாக இருக்கும். இன்று நான் ஏங்குகிற கோல்டு ஸ்பாட்டில் பாதி, கேஸ் போன அந்தக் கோல்டு ஸ்பாட்தான். அதை எந்தக் கம்பெனியாலும் திரும்பத் தயாரிக்க முடியாது.

ஆனால் எல்லாமே நினைவின் மயக்கம் என்று முடித்துவிடவும் முடியாது. அந்தப் பானம் நிஜமாகவே இருந்தது, நிஜமாகவே நிறுத்தப்பட்டது. அரசு கேட்டபடி பெரும்பங்கை இந்தியர்களுக்குத் தரவும் செய்முறையைப் பகிரவும் மனமில்லாமல் 1977இல் கோகோ கோலா நாட்டை விட்டுப் போனது. அதன் பிறகு பார்லே என்ற இந்தியக் கம்பெனியின் கோல்டு ஸ்பாட்டும் லிம்காவும் தம்ஸ் அப்பும்தான் கடைகளை ஆண்டன. 1993இல் கோகோ கோலா திரும்பி வந்தபோது பார்லேயின் இந்தப் பெயர்களையெல்லாம் விலைக்கு வாங்கிக்கொண்டது. அதன் கையில் ஏற்கெனவே ஃபான்டா என்ற ஆரஞ்சுப் பானம் இருந்தது. ஒரே பெட்டிக்குள் இரண்டு ஆரஞ்சு எதற்கு? கோல்டு ஸ்பாட் மெல்ல மெல்லக் கடைகளிலிருந்து மறைந்தது. லிம்காவும் தம்ஸ் அப்பும் பிழைத்துக்கொண்டன, தம்ஸ் அப்பை ஓரங்கட்டக் கோலாவாலேயே முடியவில்லை.

அந்த ஃபான்டாவின் கதையைப் பாருங்கள். 1940இல், போர்க்கால ஜெர்மனியில் கோலாவுக்கான மூலப்பொருள் வராமல் போக, அங்கிருந்த ஆலைக்காரர்கள் பாலாடைக்கட்டி செய்தபின் மிஞ்சும் தெளிநீரையும் ஆப்பிள் பிழிந்த சக்கையையும் வைத்து ஒப்பேற்றிய பானம் அது. நாம் அறிந்த ஆரஞ்சு ஃபான்டா 1955இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் வந்தது. இன்றும் ஒரே பெயரில் ஊருக்கு ஒரு பானம். ஆரஞ்சுப் பானம் என்றால் குறைந்தது 12 சதவீதம் பழச்சாறு இருக்க வேண்டும் என்று இத்தாலியச் சட்டம் சொன்னது, பிறகு அதை 20 சதவீதமாக உயர்த்தியது. அமெரிக்க ஃபான்டா பளபளவென்று சிவந்த ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், பழச்சாறு இருக்காது. இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் நாளை ஃபான்டாவை நினைத்து ஏங்கும்போது வேறு வேறு பானத்துக்கு ஏங்குவார்கள்.

செய்முறையை எழுதுவது நாக்கு மட்டும் அல்ல. அமெரிக்காவில் இறக்குமதிச் சர்க்கரைக்குக் கட்டுப்பாடு போட்டதால் சர்க்கரை விலை ஏறியது, சோளம் மலிவாகக் கிடைத்தது. 1980களில் கோலாவுக்குள் சோளப் பாகு புகுந்தது. மெக்சிகோவில் தயாராகி வருவதில் கரும்புச் சர்க்கரை. அந்தக் கண்ணாடிப் பாட்டிலை அமெரிக்கர்கள் கூடுதல் விலை கொடுத்துத் தேடி வாங்குகிறார்கள். பிரிட்டனில் 2018இல் இனிப்புப் பானங்களுக்கு வரி வந்தது. வரிக்குத் தப்ப, ஸ்காட்லாந்துக்காரர்கள் உயிராக நினைக்கும் ஐர்ன் ப்ரூவில் 100 மில்லிக்கு 10.3 கிராமாக இருந்த சர்க்கரை 4.7 கிராமாகக் குறைந்தது. ஜனங்கள் பழைய சரக்கை வாங்கி வீட்டில் அடுக்கினார்கள். கடைசியில் அந்தக் கம்பெனியே பழைய முறைப்படி இன்னொரு வகையையும் விற்க ஆரம்பித்தது.

நம் ஊரிலும் இப்படி ஒரு செய்முறை மாறியது, நமக்குத்தான் தெரியவில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். அதற்குப் புரோமின் சேர்த்த தாவர எண்ணெயைக் கலப்பார்கள். அது வாசனை எண்ணெயின் எடையைக் கூட்டி, பாட்டில் முழுக்கப் பரவி நிற்க வைக்கும், அந்தக் கலங்கல் நிறத்தையும் தரும். உடம்புக்கு ஆகாது என்று இந்தியா அதை 1990இல் தடை செய்தது. அமெரிக்கா தடை செய்ய 2024 ஆனது. இந்தியா தடை செய்த சமயத்தில் லிம்காவின் செய்முறையும் மாறியது. தடைக்கு முன்னும் பின்னும் நான் லிம்கா குடித்திருக்கிறேன். ஒரு வித்தியாசமும் என் நாக்குக்குப் படவில்லை. 'பழைய ருசி' என்று நாம் அடித்துப் பேசும்போது இதையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 1985இல் அமெரிக்காவில் கோகோ கோலா ஏறக்குறைய 2 லட்சம் பேருக்குக் குடிக்கக் கொடுத்துச் சோதித்தது. பலருக்கும் புதிய செய்முறைதான் பிடித்திருந்தது. அதை நம்பிப் பழையதை நிறுத்தியதும் நாடே கொந்தளித்தது. 79 நாளில் பழைய கோலா திரும்பி வந்தது. நாக்குக்குப் பிடித்ததை மனசு ஏற்க மறுத்தது என்று பலர் இதற்கு விளக்கம் சொல்வார்கள். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். நம் வீட்டு விசேஷத்திலும் விருந்திலும் கலந்துவிட்ட ஒன்றை, நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்ற கோபம் அது. நியாயமான கோபம்.

அதனால் ஏக்கப்படும்போது, அது ஏன் போனது என்றும் விசாரிக்க வேண்டும் என்பேன். உடம்புக்குக் கெடுதல் என்று மாற்றினார்களா? சரி, மாறட்டும். வீட்டுக்கு வீடு சர்க்கரை நோய் இருக்கும் நாட்டில் இனிப்பைக் குறைத்தால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். இரண்டு பெயரும் ஒரே முதலாளியிடம் இருப்பதால் ஒன்றைக் கொன்றார்களா? அதை மறக்கக் கூடாது.

இறந்த பெயர்கள் இப்போது திரும்பியும் வருகின்றன. 1980களின் கேம்பா கோலாவை ரிலையன்ஸ் 2022இல் வாங்கி, அடுத்த ஆண்டே கடைக்குக் கொண்டுவந்தது. பெயர் பழையது, பாட்டில் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கின் வழியே கேஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், கண்ணாடியில் அது நடக்காது. முதல் முறை குடிக்கிற பிள்ளைகளுக்கு அது புதுப் பானம், அவர்கள் ரசிக்கட்டும். எனக்கு அது கேம்பா இல்லை.

சாகாமல் இருப்பவைமேல்தான் எனக்கு அக்கறை. 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பவண்டோ இன்னும் கிடைக்கிறது. 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டி வணிகர்கள் வெளிநாட்டுப் பானங்களை விற்பதில்லை என்று முடிவெடுத்தபோது, பல கடைகளில் அந்த இடத்தை நிரப்பியது அதுதான். இலங்கையின் எலிஃபன்ட் ஹவுஸ் நெக்டோ, லண்டனிலும் டொராண்டோவிலும் ஈழத்தமிழர் கடை அலமாரிகளில் நிற்கிறது. இவற்றுக்குக் கீழே, பெயர் உள்ளூர் தாண்டாத எத்தனையோ சோடா கம்பெனிகள் சிற்றூர்களில் பன்னீர் சோடாவும் இஞ்சி சோடாவும் போட்டுக்கொண்டிருக்கின்றன. எசன்ஸ் எத்தனை மில்லி, சீனிப்பாகு எந்தப் பதம் என்பது பல இடங்களில் ஒரே ஒரு பெரியவருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்குப் பிறகு அது எந்தக் காகிதத்திலும் இருக்காது.

உங்கள் ஊரில் அப்படி ஒரு கம்பெனி இன்னும் ஓடினால், வீட்டில் வரும் அடுத்த விசேஷத்துக்கு இரண்டு பெட்டி கலர் அங்கேயே சொல்லுங்கள். அந்தப் பெரியவரிடம் பக்குவத்தைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கும்படி அவர் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.