நாற்காலியும் அமானத்தும்

பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமையாசிரியர் பதவி காலியாகிறது. அங்கே பல்லாண்டுகள் பாடம் நடத்திய ஆசிரியர் அதை விரும்பலாமா? கேட்டுப் பெறலாமா? அல்லது, வந்தால் வரட்டும் என்று ஒதுங்கியிருப்பதுதான் ஈமானுக்கு அழகா?

மார்க்கத்தில் இதற்கு இரு விதமான வழிகாட்டுதல் இருப்பது போலத் தோன்றும். தலைமையைக் கேட்டு வாங்குகிறவர் அதனிடமே விடப்படுவார், கேளாமல் அடைகிறவருக்கு இறையுதவி கிட்டும் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அப்துர் ரஹ்மான் பின் ஸமுரா (ரலி) அவர்களுக்கு உபதேசித்துள்ளார்கள். நபி யூசுஃப் (அலை) அவர்களோ, நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடுமாறு எகிப்து மன்னரிடம் தாமே கேட்டார்கள். ஒன்று தடுக்கிறது, மற்றொன்று அனுமதிக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நாம் எங்கே நிற்பது?

நாமும் ஒரு காலத்தில் இந்தக் கேள்வியில் அகப்பட்டவர்கள்தாம். அப்போது நாம் நம் தோல் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தோம். பட்டமும் இருந்தது, அனுபவமும் இருந்தது. பெரிய மனிதர் நால்வரைப் பார்த்தால் காரியம் முடிந்துவிடும் என்று எண்ணி, ஒரு நாள் அஸருக்குப் பின் தோல் மண்டி நடத்தும் பெரியவர் ஒருவரிடம் சிபாரிசுக்குப் போனோம். அவர் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "மாஸ்டர் சாஹிப், உங்கள் வகுப்பில் இந்த வருஷம் எத்தனை பிள்ளைகள் நின்றுபோனார்கள்?" என்றார்.

நமக்குப் பதில் தெரியவில்லை.

"என் மண்டியில் ஒரு தோல் குறைந்தால் அன்று இரவே எனக்குத் தெரிந்துவிடும்" என்றார் அவர். வேறொன்றும் சொல்லவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் வருகைப் பதிவேட்டைப் புரட்டினோம். ஐந்து பெயர்கள் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. அடித்தது நம் கைதான். வீடு வீடாகப் போனோம். ஒருவன் ஷூ கம்பெனியில் பசை தடவிக்கொண்டிருந்தான். இன்னொருவன் தகப்பனாருக்குப் பதிலாகத் தோல் ஷாப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். மற்றவர் வீடுகளிலும் வறுமைதான் காரணம். பலமுறை நடந்த பின் இருவர் திரும்பி வந்தார்கள்; மூவர் வரவேயில்லை. அந்த ஆண்டு பதவி வேறொருவருக்குப் போயிற்று. நமக்கு அதில் வருத்தமில்லை. அந்த மூவர்தாம் இன்றும் நெஞ்சில் உறுத்துகிறார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் கேளாமலே அந்தப் பொறுப்பு நம்மிடம் வந்தபோது, முதலில் நம் கை தேடியது வருகைப் பதிவேட்டைத்தான்.

அதன் பிறகே யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு நமக்கு விளங்கத் தொடங்கியது. அவர்கள் தமக்குரிய தகுதியாக எடுத்துரைத்தவை இரண்டு: பாதுகாக்கும் தன்மை, அறிவு. பாதுகாப்பை முதலிலும் அறிவை அடுத்தும் வைத்தார்கள். வரப்போகும் பஞ்சத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள். மக்களின் பசியே அவர்களைக் கேட்கச் செய்தது. நாமோ நாற்காலிக்காகக் கேட்டோம். பட்டம் அறிவுக்குச் சான்று தரலாம். பாதுகாக்கும் தன்மைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சான்று தருவதில்லை. அதற்கு விடுபட்ட பிள்ளைகளின் பெயர்களே சாட்சி.

டாக்டர் ஜாகிர் ஹுசேன் அவர்களின் வாழ்வும் இதையே காட்டுகிறது. பெர்லினில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்ற அவர் விரும்பியிருந்தால் நல்ல ஊதியத்தில் வேலை தேடிக்கொண்டிருக்கலாம். டில்லியில் ஜாமியா மில்லியா பணமின்றி மூடப்படும் நிலையில் இருந்தது. 1926இல், தமது 29ஆம் வயதில், அதன் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார். மாதம் 150 ரூபாய்க்கு மேல் பெறாமல் இருபது ஆண்டுகள் உழைப்பதாக 1928இல் அவரும் தோழர்களும் உறுதி பூண்டனர். 1948 வரை அங்கேயே இருந்தார். 1967இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். ஆனால் 1926இல் அவர் கண்டது பதவியையா, பாரத்தையா? எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் வட்டாரத்துக்குக் கல்விக் கொடை புதிதன்று. வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி 1919இலும், மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இலும், ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் கல்லூரி 1969இலும் தோன்றின. அவற்றுக்கும் முன்பே வேலூரில் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் அவர்கள் தொடங்கிய மத்ரஸாவின் பெயர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத். நிலைத்து நிற்கும் நற்செயல்கள் என்பது அதன் பொருள். செல்வமும் பிள்ளைகளும் இவ்வுலக அலங்காரம், நிலைப்பவை நற்செயல்களே என்று அல்-கஹ்ஃபு அத்தியாயம் உணர்த்துவதிலிருந்து எடுத்த பெயர் அது. செல்வம் புழங்கும் மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

ஆகவே, பொறுப்பை விரும்பும் ஆசிரியச் சகோதர சகோதரிகள் முதலில் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்: தலைமை ஏற்ற பின்னும் நாள்தோறும் ஒரு வகுப்பாவது எடுப்பேனா? இன்று வராத பிள்ளை யார் என்பதை லுஹருக்குள் அறிவேனா? முதலாளி வீட்டுப் பிள்ளையையும் தோல் ஷாப்புத் தொழிலாளியின் பிள்ளையையும் ஒரே பலகையில் அமர்த்துவேனா? கொடை தந்தவரே வந்து மதிப்பெண் கேட்டாலும் மறுப்பேனா? இவற்றுக்கு ஆம் என்று நெஞ்சம் சொன்னால், பொறுப்பு வரும்போது அஞ்சி ஓட வேண்டாம். இல்லை என்று சொன்னால், கேட்காமலிருப்பதே நலம்.

ஒவ்வொருவரும் மேய்ப்பரே, தம் மந்தையைக் குறித்து விசாரிக்கப்படுவார் என்பது நபிமொழி நமக்குத் தரும் எச்சரிக்கை. நாளை மறுமையில் நாற்காலியைப் பற்றியல்ல, சிவப்பு மையில் அடித்த பெயர்களைப் பற்றியே நம்மிடம் கேள்வி வரும். அக்கேள்விக்கு அஞ்சி நடக்கும் தவ்ஃபீக்கை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.