கேமரா முன் யாருடைய கதை?

டேட்டிங் செயலிகளில் பழகுபவர்கள் குழுவாகத் தொலைக்காட்சி ஆவணப்படத்தில் கலந்துகொள்ளலாமா? நண்பர்களே, இதை நாம் யோசிக்கத்தான் வேண்டும்.

2022-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'தி டிண்டர் ஸ்விண்ட்லர்' படத்தை எடுத்துக்கொள்வோம். வைர வியாபாரியின் மகன் என்று சொல்லிப் பழகிப் பணம் கறந்த ஒருவனைப் பற்றி மூன்று பெண்கள் முகத்தை மறைக்காமல் பேசினார்கள். அவன் இனி தங்கள் தளத்தில் இல்லை என்று டிண்டர் அறிவித்தது. பார்த்தவர்கள் உஷாரானார்கள். ஆனால் அந்தப் பெண்களையே பேராசைக்காரிகள் என்று ஏசியவர்களும் இருந்தார்கள்.

அவர்கள் பேசியது சரி என்றே நினைக்கிறேன். பட்டது அவர்கள், முடிவெடுத்ததும் அவர்கள். ஒரு குழுவே கேமராவுக்குக் கதவைத் திறப்பது வேற விஷயம். அங்கே வீட்டுக்குத் தெரியாமல் பழகுபவர் இருப்பார், மணமுறிவுக்குப் பிறகு மெல்லத் தலைதூக்குபவர் இருப்பார். குழுவை நடத்துபவர் 'சரி' சொல்லிட்டா, அது அவங்க சம்மதம் ஆகிடுமா? நம்ம ஊர்ல திரையில ஒரு நொடி முகம் தெரிஞ்சா போதும், மறுநாள் கோயில் வாசல் வரைக்கும் பேச்சு போயிடும். எதை வெட்டுவார்கள், எதை ஒட்டுவார்கள் என்பதும் நம் கையில் இல்லை.

"மறைஞ்சே இருந்தா டேட்டிங்னாலே தப்புன்னு நினைப்பாங்களே" என்று கேட்கலாம். நியாயம்தான். அதனால் விருப்பமுள்ளவர் தன் கதையைத் தானே சொல்லட்டும். எதிரில் பழகியவரின் பெயர், படம், குறுஞ்செய்தி எதையும் அவரைக் கேட்காமல் காட்ட வேண்டாம். ஏமாற்றியவனுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

உண்மை பேசுவது தர்மம். அடுத்தவர் ரகசியத்தைக் காப்பதும் தர்மம்தான்.